காலிக் கட்டத்துக்கு ஒரு வரி

பால்துரை அண்ணாச்சிக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொல்லி, சென்னையில் இருக்கிற ஒரு கார் கம்பெனி கடிதம் அனுப்பியிருந்தது. நல்ல தமிழ், நல்ல காகிதம். ‘அன்புள்ள திரு. பால்துரை அவர்களே’ என்று தொடங்கி, நடுவில் இன்னொரு தரம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ‘தூத்துக்குடியின் கடற்காற்றைப் போல உங்கள் வாழ்வும் குளிரட்டும்’ என்று முடித்திருந்தார்கள். தூத்துக்குடிக் காற்றில் வருவது உப்பும் நிலக்கரித் தூளும்தான் என்று அண்ணாச்சிக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்தக் கடிதத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்து, ஆபீசுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

லாரி விஷயமாக வந்த நாசரேத்துக்காரர் ஒருவர் குனிந்து படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“எனக்கும் வந்துச்சு அண்ணாச்சி. ‘நாசரேத்தின் கடற்காற்றைப் போல’ன்னு போட்டிருந்தான். எங்கூர்ல ஏது கடலு?”

வேறு யாராக இருந்தாலும் ஏமாந்துபோன எரிச்சலில் கடிதத்தை உருவி எறிந்திருப்பார்கள். அண்ணாச்சி எறியவில்லை. துறைமுகத்தில் அடுத்தவர் சரக்கை இறக்கி ஏற்றிக் கொடுத்தே ஆளானவர் அவர். நல்ல சரக்கு எது கண்ணில் பட்டாலும் அது எங்கே கிடைக்கும் என்றுதான் அவர் புத்தி ஓடும்.

“பிளாரன்ஸு, இங்கன வா. இதே மாதிரி லெட்டரு நம்மளும் செய்ய முடியுமா?”

பிளாரன்ஸ் வந்து படித்துப் பார்த்தாள். “செய்யலாம் அண்ணாச்சி. லெட்டரு ஒண்ணுதான். பேரு, ஊரு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அதைத் தனியா ஒரு பட்டியலாப் போட்டுக் குடுத்துட்டா, கம்ப்யூட்டரே ஒவ்வொண்ணா எடுத்துப் பொருத்திக்கிடும்.”

“கடலை எடுத்துரலாம்லா?”

“எடுத்துரலாம்.”

பிளாரன்ஸ் கீழவைப்பார்ப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு தூத்துக்குடி வாசம். அண்ணாச்சி ஆபீசில் கப்பல் பத்திரங்கள் எல்லாம் அவள் பொறுப்பு; காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆங்கிலத்தில் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருப்பாள். புருஷன் கிளைட்டன் கப்பலில் இருந்தான். ஞாயிறுதோறும் வாட்ஸ்அப்பில், ‘சாப்டியா, பிள்ள படிக்காளா, மழை உண்டா’ என்று கேட்பான். சிங்கப்பூரில் நின்றாலும் பிரேசிலில் நின்றாலும் அதில் ஓர் எழுத்து மாறாது. அதைப் படித்துவிட்டு அவள் ஒரு நாள் முழுக்க முகம் மலர்ந்து திரிவாள். எழுதுகிறவன் எவ்வளவு கஞ்சனாக இருந்தாலும் படிக்கிறவர்கள் மிச்சத்தைத் தாங்களே போட்டு நிரப்பிக்கொள்வார்கள் என்பது, அந்தக் கார் கம்பெனிக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும்.

கடிதத்துக்குச் சந்தர்ப்பமும் வாய்த்திருந்தது. முத்தையாபுரத்தில் அண்ணாச்சி புதிதாகக் கட்டிய சரக்குக் கிடங்குக்குத் திறப்பு விழா. ‘அன்புடையீர்’ என்று பொதுவாக அச்சடித்தால் அது நோட்டீஸ் என்றும், ஒவ்வொருவனும் ‘எனக்காகவே பால்துரை உட்கார்ந்து எழுதியிருக்கான்’ என்று நினைக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். உட்கார்ந்து எழுத அவருக்கு நேரம் இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்.

ஆபீஸ் கம்ப்யூட்டர், வாங்கின நாளிலிருந்து தான் அமெரிக்காவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. தேதி கேட்டால் மாதத்தை முதலில் சொல்லும். பிளாரன்ஸ் அதை இந்தியாவுக்குக் கூட்டிவந்து, மொழிப் பகுதியைத் திறந்து தமிழைத் தேடினாள். தமிழுக்கு நேரே இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நாலு நாடு வந்து நின்றது. அண்ணாச்சி அவள் தோளுக்குப் பின்னால் நின்று வரிசையைக் கவனமாகப் பார்த்தார்.

“திருநெல்வேலித் தமிழ்னு தனியா இல்லையா?”

“இல்ல அண்ணாச்சி.”

“கண்டவன் ஊரெல்லாம் போட்டிருக்கான். சரி, இந்தியாவையே அமுக்கு.”

தமிழ் வந்ததும் கம்ப்யூட்டருக்கு வாத்தியார் குணம் வந்துவிட்டது. பால்துரைக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டு, பால்துறையா என்று கேட்டது. அய்யாக்குட்டி என்று ஒரு மனிதர் இருக்க முடியும் என்பதை அது கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. தன் பெயருக்கு அடியிலும் கோடு விழுகிறதா என்று பிளாரன்ஸ் தட்டிப் பார்த்தாள். விழுந்தது.

வேலை சிக்கலானது அதற்குப் பிறகுதான். கார் கம்பெனிக்காரனுக்கு எல்லாரும் ‘திரு’. இங்கே அது செல்லாது. ‘திரு’ போட்டால் அய்யாக்குட்டி லாரியை அனுப்ப மாட்டார். ‘நேத்து வரைக்கும் மாப்பிள்ள, இன்னைக்குத் திருவா?’ என்று கேட்பார். எனவே உறவு என்று ஒரு கட்டம் சேர்த்தாள். யார் அண்ணாச்சி, யார் மச்சான், யார் மாமா, யார் வெறும் சார் என்று பால்துரைதான் சொல்ல வேண்டும். அதோடு, ஒவ்வொரு கடிதத்திலும் அந்த ஆளோடு பழகிய ஏதாவது ஒரு நினைவை ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று பிளாரன்ஸ் சொன்னாள். அண்ணாச்சிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. நினைவு என்று இன்னொரு கட்டம்.

வாடிக்கையாளர்கள், லாரிக்காரர்கள், ஏஜென்டுகள் சங்க டைரியில் இருந்தவர்கள் என எல்லாப் பெயரையும் ஒன்றாகக் கொட்டிவைத்து, அவள் ஒவ்வொன்றாக வாசித்தாள். அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார். முதல் சில பேருக்கு நினைவுகள் அருமையாக வந்தன. கொச்சிக்குப் போன வழியில் வேன் டயர் வெடித்தது, மணப்பாட்டில் யாரோ வீட்டில் தின்ற நண்டு. அப்புறம் அவருக்கு அலுத்துவிட்டது. உறவை மட்டும் சொல்லிக்கொண்டு போனார். நினைவுக்கு வரும்போது, “நீயே ஏதாவது போட்டுக்கோ” என்றார்.

“ஜெயசிங்” என்று வாசித்தாள் பிளாரன்ஸ்.

அண்ணாச்சி விட்டத்தைப் பார்த்தார். “அதை விடு. அடுத்து?”

பிளாரன்ஸ் விட்டுவிட்டு அடுத்த பெயரை வாசித்தாள்.

தூத்துக்குடியில் ஏதாவது ஒரு கடைத்தெருவில் நின்று ‘ஜெயசிங்’ என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். இந்த ஜெயசிங் எவர் என்று அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். அவரும் அண்ணாச்சியும் அக்கா தங்கையைக் கட்டிய சகலைகள். அண்ணாச்சி மூத்தவர். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஆபீஸில் தொழில் நடத்தியவர்கள். மாமனாருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அடிக்கும் பொறுப்பு அண்ணாச்சி கைக்கு வந்தது. அதில் பால்துரைக்கு முன்னால் ‘திரு’ இருந்தது, ஜெயசிங்குக்கு முன்னால் இல்லை. பிரஸ்காரன் தப்பு என்று இவர் சொன்னார். பிரஸ்காரனுக்கு உன் பேரு மட்டும் எப்படி ஞாபகம் இருந்தது என்று அவர் கேட்டார். ஒரு சின்ன வார்த்தைக்காக ஆபீஸ் இரண்டாயிற்று. அக்காவும் தங்கையும் ரகசியமாகப் போனில் பேசிக்கொள்ள, புருஷன்மார் இருவரும் துறைமுக வாசலில் எதிரெதிரே வந்தால்கூட ஒருவரை ஒருவர் கன்டெய்னர் மாதிரி சுற்றிக்கொண்டு போனார்கள். பிளாரன்ஸ் வேலைக்குச் சேர்ந்ததே அந்தப் பிரிவினைக்குப் பிறகுதான்.

பட்டியலில் பாதிக்கு மேல் நினைவுக் கட்டம் காலியாகக் கிடந்தது. காலிக் கட்டம் இருந்தால் கடிதத்தில் ஓட்டை விழும். காலியாக இருந்தால் இதைப் போடு என்று கம்ப்யூட்டருக்கு முன்கூட்டியே ஒரு வரி சொல்லி வைக்கலாம். எல்லாருக்கும் பொருந்துகிற அந்த ஒரு வரி எது என்று பிளாரன்ஸ் மதியம் முழுக்க யோசித்தாள்.

கடைசியில் அவளுக்கு அந்த டிசம்பர் மாதத்து வெள்ளம் ஞாபகம் வந்தது. ஊரே மிதந்த மழை. அன்றைக்கு யாராவது யாருக்காவது ஏதாவது செய்யாமலா இருந்திருப்பார்கள்? அண்ணாச்சி வீட்டுக் கதையே அவளுக்குத் தெரியும். அவர் சென்னையில் மாட்டிக்கொள்ள, முத்தையாபுரம் வீட்டில் கீழ்த்தளம் முழுகி, மனைவி முத்துச்செல்வியும் பிள்ளைகளும் மொட்டைமாடியில் கிடந்தார்கள். ஒரு டிப்பர் லாரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து, ‘சங்கத்துல அனுப்புனாங்க’ என்று சொல்லி அவர்களை ஏற்றிப்போய்ப் பத்திரமாக இறக்கிவிட்டது. ஊர் திரும்பிய அண்ணாச்சி, சங்கச் செயலாளர் தங்கதுரைக்குப் பொன்னாடை போர்த்தினார். எந்த லாரி என்று தங்கதுரை கேட்கவில்லை. பொன்னாடையை மட்டும் நன்றாக மடித்து வாங்கிக்கொண்டார்.

பிளாரன்ஸ் தட்டினாள்: ‘அந்தப் பெருவெள்ளத்தில் நீங்கள் சத்தமில்லாமல் எனக்குச் செய்த உதவியை நான் மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.’

‘சத்தமில்லாமல்’ என்ற வார்த்தையை வேண்டுமென்றேதான் போட்டாள். அப்போதுதான் யாரும் யாரிடமும் கேட்க மாட்டார்கள். உறவுக் கட்டம் காலியாக இருந்தால் ‘பாசமிகு அண்ணாச்சி’ என்று போடச் சொன்னாள். பொத்தானை அமுக்கினாள். பிரிண்டர் சாயங்காலம் வரை அன்பைக் கக்கிக்கொண்டே இருந்தது. பால்துரை எல்லாவற்றிலும் நீல மையில் கையெழுத்துப் போட்டார். முதல் சில கடிதங்களைப் படித்தார். அப்புறம் கையெழுத்துப் போடுகிற இடத்தை மட்டும் பார்த்தார்.

கடிதங்கள் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து போன் ஓயவில்லை. அண்ணாச்சியிடம் பேசக் கூச்சப்பட்டவர்கள் பிளாரன்ஸிடம் பேசினார்கள். கன்டெய்னருக்கு சீல் சப்ளை செய்கிற கிருபை கூப்பிட்டார். நாணயமான மனிதர்.

“பிள்ள, வெள்ளத்தன்னைக்கு நான் எங்க வீட்டு மாடிய விட்டு எறங்கவே இல்ல. யாருக்கு என்ன செஞ்சேன்னு ரெண்டு நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கேன். ஒருவேளை அவருக்கு மொபைல் ரீசார்ஜ் எதுவும் பண்ணி விட்டேனோ?”

“இருக்கும் சார்” என்றாள் பிளாரன்ஸ். வேறு என்ன சொல்வாள்?

அடுத்த நாள் கிருபையே மறுபடி கூப்பிட்டார். ரீசார்ஜ் செய்தது இப்போது நன்றாக ஞாபகம் வந்துவிட்டதாம். ஆனால் அதைப்போய் அண்ணாச்சி இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். இப்படியே பலரும் தாங்கள் செய்த உதவியைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். சங்கச் செயலாளர் தங்கதுரை கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டதும், இனி அந்த வரியை யார் யார் படிப்பார்களோ என்று பிளாரன்ஸ் கணக்குப் போட்டாள். அண்ணாச்சியோ ஆகாயத்தில் இருந்தார். “ஊரே நம்ம மேல இவ்வளவு பிரியமா இருக்குன்னு எனக்கே இப்பதான் தெரியுது” என்றார்.

திறப்பு விழாவன்று காலையில் புதுக் கிடங்குக்குள் பந்தல் அலங்காரமும் மைக்கும், ஒரு பக்கம் இலை போடுகிற ஏற்பாடுமாகக் கூட்டம் நிரம்பியது. பிளாரன்ஸ் வாசலில் சந்தனத் தட்டோடு நின்றாள். வெள்ளைச் சட்டைப் பையில் கடிதம் மடித்துத் தெரிய, ஒரு மனிதர் காரிலிருந்து இறங்கி வந்தார். அவரைக் கண்டதும் பக்கத்தில் நின்ற அண்ணாச்சியின் சிரிப்பு பாதியில் நின்றது.

“இவனை யாரு கூப்பிட்டா?”

“யாரு அண்ணாச்சி?”

“ஜெயசிங்கு! நான்தான் அதை விடுன்னு சொன்னேன்லா?”

“விட்டுட்டேன் அண்ணாச்சி. கட்டத்தைக் காலியா விட்டுட்டேன்.”

“ஏளா, விடுன்னா ஆளையே விட்டுருன்னு அர்த்தம்!”

அதற்குள் ஜெயசிங் எதிரே வந்துவிட்டார். அண்ணாச்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சின்னு எழுதிட்டியேண்ணே” என்றார். “வயசுல சின்னவன் என்னைய. நான் ஒரு ‘திரு’வுக்கா இத்தனை வருசம் மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன்னு நெனச்சா எனக்கே கேவலமா இருக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அந்த விசயம் உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? அய்யாக்குட்டி சொல்லிட்டானா?”

அண்ணாச்சிக்கு எந்த விஷயம் என்று தெரியவில்லை. ஆனால் வியாபாரி, தெரியவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. “தெரியாமப் போகுமா?” என்று ஜெயசிங்கின் முதுகில் தட்டினார். தட்டிக்கொண்டே, ‘என்ன விஷயம்?’ என்று பிளாரன்ஸைக் கண்ணால் கேட்டார். கட்டம் காலியாக இருந்தால் எந்த வரி போகும் என்பது அப்போதுதான் பிளாரன்ஸுக்கு உறைத்தது. சந்தனத் தட்டை நீட்டிக்கொண்டு அடுத்து வந்தவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முன்வரிசையில் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் ஜெயசிங்கை உட்காரவைத்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து முத்துச்செல்வி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரிப்பன் வெட்டினார்கள், விளக்கேற்றினார்கள். வாழ்த்திப் பேசச் சங்கச் செயலாளர் தங்கதுரை எழுந்தார். சட்டம் போட்ட கடிதத்தோடு வந்திருந்தார்.

“நாங்க சங்கத்துல எதையும் விளம்பரத்துக்காகச் செய்யறதில்ல” என்று தொடங்கினார். “ஆனா நன்றியுள்ள மனுசன் எப்படி இருக்கணும்னு நீங்க தெரிஞ்சுக்கிடணும்லா? அண்ணாச்சி எனக்கு மட்டும் தனியா எழுதின லெட்டரு இது. வாசிக்கேன்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிறுத்தி நிதானமாக வாசித்தார். “‘அந்தப் பெருவெள்ளத்தில் நீங்கள் சத்தமில்லாமல் எனக்குச் செய்த உதவியை நான் மறந்துவிட்டேன் என்று மட்டும்...’”

ஜெயசிங் சட்டைப் பையிலிருந்து தன் கடிதத்தை எடுத்துப் பிரித்தார். தங்கதுரை வாசிக்க வாசிக்க இவர் விரல் வரிவரியாக நகர்ந்தது. பின்வரிசையில் யாரோ, “எனக்கும் இதேதாம்வே” என்றார்கள். “நேரில் சொல்ல வாய் வரவில்லைன்னு இருக்கா? எனக்கும் இருக்கு” என்றது இன்னொரு குரல். கிருபை தன்னுடைய ரீசார்ஜ் கடிதத்தை மெதுவாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஜெயசிங் எழுந்து நின்றார்.

“தங்கதுரை, நிறுத்தும். அந்த லாரி யாரு அனுப்பினது?”

“எந்த லாரி?”

“அதான், எதுக்கு உமக்குப் பொன்னாடை போத்துனாங்களோ அந்த லாரி.”

தங்கதுரை மைக்கைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். கூட்டத்தின் நடுவிலிருந்து அய்யாக்குட்டி பதறிப்போய் ஜெயசிங்கைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“அண்ணாச்சி, சத்தியமா நான் சொல்லல! லாரிய ஓட்டிட்டுப் போனவன் நான்தான். ஆனா உங்க பேரு வெளிய வரக் கூடாதுன்னு நீங்க சொன்னதை நான் இன்னைக்கு வரைக்கும் மீறல. எனக்கே லெட்டரு வந்ததும், இவரா கண்டுபிடிச்சுட்டாரு போலன்னுதான் நெனச்சேன்!”

பால்துரை திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தார்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றாள் முத்துச்செல்வி. “தங்கச்சி அன்னைக்கே சொல்லிட்டா.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க நேரா போயி டீசல் காசக் குடுத்துட்டு வந்திருப்பிய. அதுக்குச் சொல்லாமலே இருக்கலாம்னு இருந்துட்டேன்.”

யாரோ சிரிக்கத் தொடங்கி இருமலாக்கிக்கொண்டார்கள். பால்துரை இல்லை என்று சொல்லவில்லை. ஜெயசிங்கைப் பார்த்தபோது அண்ணாச்சியின் முகத்தில் வியாபாரக் களை எதுவும் மிச்சமில்லை.

“எனக்குத் தெரியாதுலே” என்றார் மெதுவாக.

“அப்ப இந்த லெட்டரு?”

“அது நம்ம பிள்ள கம்ப்யூட்டர்ல போட்டது.”

“அண்ணாச்சின்னு போட்டது?”

“அதுவுந்தான்.”

ஜெயசிங் கடிதத்தை மடித்தார். கிழிப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் அதைத் திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டு, “எலை போட்டாச்சா?” என்று கேட்டார். “லாரி அனுப்புனதுக்குச் சோறாவது தின்னுட்டுப் போறேன்.”

பந்தியில் தனியாக உட்கார்ந்தவர் பக்கத்தில் உட்கார யாருக்கும் துணிச்சல் வரவில்லை. பிளாரன்ஸ்தான் போனாள். தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் நின்றாள்.

“மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. அந்த வரி நான் போட்டது. உங்கள நெனச்சுப் போடல. யாரையும் நெனச்சுப் போடல.”

ஜெயசிங் சாம்பாரை ஊற்றிப் பிசைந்தார். “நல்லாத்தான் எழுதியிருக்க பிள்ள. வீட்ல சத்தமா வாசிச்சேன். எம்பொண்டாட்டி அழுதா.” ஒரு வாய் தின்றார். “அவனா எழுதியிருந்தா இப்படி வந்திருக்காது. ‘திரு’ கூடப் போட்டிருக்க மாட்டான்.”

சாப்பிட்டு முடித்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காரில் ஏறிப் போய்விட்டார். சட்டம் போட்ட கடிதத்தை மட்டும் தங்கதுரை யாரும் பார்க்காதபோது எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகும் அது சங்க ஆபீஸ் சுவரில்தான் தொங்கியது.

மறுநாள் பால்துரை ஒரு வெள்ளைத்தாள் கட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டார். போன் வந்தால் கொடுக்க வேண்டாம் என்றார். வெளியே மேசையில் உட்கார்ந்திருந்த பிளாரன்ஸுக்குத் தாள் கசங்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. தான்தான் இந்த மனிதரை இந்தக் கதிக்கு ஆளாக்கினோம் என்று அவளுக்கு உறுத்தலாக இருந்தது. அதே சமயம், ஊரையே ஏமாற்றிய ஒரு வரி ஓர் ஆள் விஷயத்தில் மட்டும் நிஜமாகிப் போனதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. சிரித்தால் வேலை போய்விடும் என்று கப்பல் பத்திரத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது. அண்ணாச்சி தலையை மட்டும் நீட்டினார்.

“ஏ பிள்ள, மொதல் வரி என்ன போடலாம்? சகலைன்னு எழுதுனா கேலி மாதிரி இருக்கு. தம்பின்னா, தம்பியை இப்படியா வச்சிருந்தேன்னு கேப்பான். அண்ணாச்சின்னு இனிமே போட முடியாது. வெறும் பேரைப் போட்டா பழைய சண்டையே வந்துரும்.”

“எனக்குத் தெரியாது அண்ணாச்சி. அந்தக் கட்டத்த நீங்கதான் நிரப்பணும்.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, டிரைவரைக் கூப்பிடாமல், கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அங்கே என்ன நடந்தது, யார் முதலில் பேசியது, என்ன முறை வைத்துக் கூப்பிட்டது என்று யாருக்கும் தெரியாது. ஆபீஸ் பூட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். கேட்பதற்கு யாருக்கும் தைரியம் இல்லை. தன் நாற்காலியில் உட்கார்ந்து, மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த கார் கம்பெனிக் கடிதத்தை இழுத்துக் குப்பையில் போட்டார்.

“ஜெயசிங்கு ஆபீசுல காப்பி நல்லாவே இல்ல” என்றார். “ரெண்டு டம்ளர் குடிச்சும் ருசி பிடிபடல.”

சில வாரம் கழிந்தது. ஒரு மதியத்தில் பிளாரன்ஸின் செல்போன் அடித்தது. தெரியாத எண். குரல் தெரிந்த குரல்.

“ஜெயசிங் பேசுதேன் பிள்ள. சும்மா இருக்கியா? ஒரு சின்ன வேலை. நம்ம ஆபீசு ஆண்டு விழா வருது. அன்னைக்கு அந்த லெட்டரு செஞ்சேல்லா, அதே மாதிரி நமக்கும் ஒண்ணு செஞ்சு தரணும். ஆளுக்கு ஆள் பேரு, உறவு எல்லாம் மாறணும். உங்க அண்ணாச்சிகிட்ட கேட்டுட்டேன். தாராளமா செஞ்சு குடுக்கச் சொல்லிட்டான்.”

பிளாரன்ஸ் போனைக் காதிலிருந்து எடுத்து எண்ணை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். “அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க அவ்வளவு வருத்தப்பட்டீங்களே...”

“அது எனக்கு வந்தப்ப. இது நான் அனுப்பறது.”

நியாயமாகத்தான் பட்டது. அவள் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டாள். “சரி. காலிக் கட்டத்துக்கு என்ன வரி போடலாம்? வெள்ளம் வேண்டாம்லா?”

“வெள்ளமே வேண்டாம். ஊர்ல எல்லாவனும் உஷாராகிட்டான்.” யோசித்தார். “கொரோனான்னு போட்டா?”

“போடலாம். அப்பவும் எல்லாரும் எதாவது செஞ்சிருப்பாங்க.”

“அதான். சத்தமில்லாமன்னு ஒண்ணு போட்டிருந்தேல்ல, அதை மட்டும் மறந்துராத.”

அவர் பட்டியலை ஒவ்வொரு பெயராகச் சொல்ல, அவள் எழுதிக்கொண்டாள். பெரும்பாலும் அதே ஆட்கள்தான். கிருபை இருந்தார், அய்யாக்குட்டி இருந்தார், தங்கதுரைகூட இருந்தார். கடைசிவரை ஒரு பெயர் வரவில்லை. அவளாகக் கேட்கலாமா என்று தயங்கி, போனை வைக்கப் போகிற நேரத்தில் கேட்டேவிட்டாள்.

“அண்ணாச்சி, பால்துரை அண்ணாச்சிக்கு ஒண்ணு போடணும்லா?”

“அவனுக்கு எதுக்கு லெட்டரு?” என்றார் ஜெயசிங். “காப்பி நல்லால்ல நல்லால்லன்னு சொல்லிக்கிட்டே அவன் தெனமும் சாயங்காலம் இங்கனதான வாரான்.”